இரண்டு சங்கமும் ஒப்புக்கொண்ட கை

காலர் அக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. அது அடையாள அட்டையில் இருந்தது. காலையில் வாசலில் நிற்கும் காவலாளி ஒருவர்தான் அதை நாள் தவறாமல் படிப்பவர். அவரும் படித்து முடித்துவிட்டு, "போங்க காலரக்கா" என்பார்.

சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. அங்கே யாரும் சட்டை தைப்பதில்லை என்பதுதான் அதன் விசேஷம். ஒருத்தி தோளை மூட்டுவாள், அடுத்தவள் பையை வைப்பாள், அதற்கடுத்தவள் பொத்தான் பட்டியை ஓட்டுவாள். முழுச் சட்டை ஒன்றைத் தனியாகத் தைத்துக் கொடு என்றால் திருதிருவென்று முழிக்கக்கூடியவர்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை சட்டையாகத் தைத்துத் தள்ளுவார்கள். வரிசையாகப் போட்ட மெஷின்களுக்கு லைன் என்று பெயர். லைனில் ஒரு கை தாமதித்தால் அடுத்த கை சும்மா கிடக்கும். ஒரு கை முந்தினால் அடுத்தவள் மடியில் துணி மலையாகக் குவியும்.

காலர் அக்காவின் வேலை கழுத்தோடு காலரைச் சேர்ப்பது. காலர் நேரான துணி, கழுத்து வளைவு. நேரானதை வளைவில் சுருக்கம் இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அழுவார்கள். காலர் அக்கா அழுததாகத் தகவல் இல்லை. இடது கை துணியைத் தள்ளும், வலது கை திருப்பும், கால் மிதியை அழுத்தும். இதற்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல அவள் பக்கத்து மெஷின்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். பேசினால் வேலை கெடும் என்பது மற்றவர்களுக்கான விதி. அவளுக்கோ பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்கக் கையும் சூடு பிடிக்கும். இதை மேனேஜரிலிருந்து குப்பை கூட்டுகிறவர்வரை அறிந்திருந்தார்கள். ஆகவே பின்னால் நடந்ததற்கு அறியாமையைக் காரணம் சொல்ல வழியில்லை.

சங்கம் அவளால் பிறந்தது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எங்கே பிறந்தது என்பதில்தான் கொஞ்சம் உண்டு. ஆண்டு விழா மேடையில் 'ஆலை வாசலில்' என்பார்கள். உண்மையில் அது கழிப்பறை வாசலில் பிறந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு மரவில்லை தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பி வந்து வில்லையை ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழ முடியும். ஒரு நாள் வில்லை காணாமல் போயிற்று. அது கிடைக்கிறவரை ஒருவரும் எழக்கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பெண்கள் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் காலர் அக்கா எழுந்து நடந்தாள். புரட்சி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை, அவசரம். அவள் பின்னால் ஒருத்தி எழுந்தாள், பிறகு லைனே எழுந்தது. யாரைக் கேட்டுப் போகிறீர்கள் என்று சூப்பர்வைசர் கத்தியபோது அவள் திரும்பிச் சொன்ன பதில், சங்கத்தின் வரலாற்றில் இன்றுவரை அச்சேறவில்லை.

"வயித்தைக் கேட்டு."

செய்தி கேட்டு வக்கீல் வந்தார். நல்ல மனிதர். தையல் மெஷினைத் தொட்டதில்லை என்றாலும் அதில் உட்காருகிறவர்களின் துயரத்தைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுவார். சங்கத்துக்குப் பெயர் வைத்தார், பதிவு செய்தார், வழக்குப் போட்டார். வில்லைகள் ஒழிந்தன. சங்கம் வளர்ந்தது, வளர்ந்து வளர்ந்து, பிளக்கிற அளவுக்குப் பெரிதாயிற்று.

தொழிலாளர் கமிட்டி ஒன்றைத் தேர்தல் வைத்து அமைக்க வேண்டும் என்று வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவர்கள் சொன்னார்கள். அது முதலாளியின் பொம்மை, புறக்கணிப்போம் என்றார் வக்கீல். உள்ளே போய்ப் பேசலாம் என்றார் கட்டிங் மாஸ்டர். இவர் துணியை அடுக்கி வைத்து வெட்டும் பிரிவின் தலைவர். அந்த வாரமே தனிச் சங்கம் கண்டார். அடுத்த தேர்தலில் வக்கீலின் ஆட்கள் போட்டியிட்டார்கள், கட்டிங் மாஸ்டரின் ஆட்கள் புறக்கணித்தார்கள். கொள்கைகள் இடம் மாறிக்கொண்டன. பகை மட்டும் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு சங்கத்துக் கொடியும் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டியவை.

காலர் அக்கா வக்கீல் பக்கம். அவள் வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவு. இஸ்திரிப் பிரிவு மொத்தமும் கட்டிங் மாஸ்டர் பக்கம். ஆக, ஒரே அறையும் ஒரு சமையலறையும் கொண்ட அந்த வீட்டில் இரண்டு சங்கங்கள் குடியிருந்தன. உங்க ஆள் இன்றைக்கு மேனேஜர் அறையில் டீ குடித்தாராமே என்று இவள் கேட்பாள். உங்க ஆளுக்கு டீ கொடுக்கவில்லை என்று வயிற்றெரிச்சல் என்பார் அவர். பிறகு இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து போட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டார்கெட் சண்டை வந்தது. ஒவ்வொரு புது டிசைனுக்கும், ஒரு மணி நேரத்தில் லைன் எத்தனை சட்டை முடிக்க வேண்டும் என்று நிர்வாகம் ஓர் அளவு வைக்கும். நிறுத்துக் கடிகாரத்தோடு ஓர் இளைஞன் வருவான். எல்லோரும் அவனைக் கடிகாரத் தம்பி என்பார்கள். காலர்தான் லைனில் குறுகலான இடம்; காலர் போகிற வேகத்துக்குத்தான் சட்டை போகும். எனவே அவன் காலர் தைக்கும் கையைத்தான் அளப்பான். யார் கையை அளப்பது என்று முடிவு செய்பவர் மேனேஜர். அவர் வேறு தொழிற்சாலையிலிருந்து வேகக்காரி ஒருத்தியைக் கூட்டிவந்து உட்கார வைப்பார். அவள் புயலாகத் தைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் புயல் மட்டும் டார்கெட்டாகத் தங்கிவிடும்.

இதற்காக இரண்டு சங்கமும், வரலாற்றில் ஒரே ஒரு முறை, சேர்ந்து வேலை நிறுத்தம் செய்தன. வென்றன. எந்தத் தொழிலாளியின் கையை அளப்பது என்பதை இனிமேல் சங்கங்கள் இரண்டும் சேர்ந்தே முடிவு செய்யும் என்று ஒப்பந்தமாயிற்று. மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஏன் சிரித்தார் என்று யோசிக்க அன்று யாருக்கும் நேரமில்லை, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

புது டிசைன் வந்தது. காலர் சற்றே சிக்கல் பிடித்தது. வக்கீலின் மாடி அறையில் இரண்டு தரப்பும் கூடியது. கட்டிங் மாஸ்டர் எடுத்த எடுப்பில் ஆமையின் பெயரைச் சொன்னார். காலர் அக்காவுக்குப் பக்கத்து மெஷின்காரி, அவளும் காலர்தான் தைப்பாள். ஆமை என்ற பெயரை வைத்ததும் அவளேதான், பிறர் வைப்பதற்குமுன் முந்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் முந்தியது அந்த ஒரு முறைதான். வேலை சுத்தம், வேகம் கிடையாது. டார்கெட் குறைய அவளைவிடப் பொருத்தமான கை உலகத்தில் இல்லை. ஆனால் அவள் கட்டிங் மாஸ்டரின் சங்கம். அவள் கையால் டார்கெட் குறைந்தால் பெயர் யாருக்குப் போகும் என்று வக்கீல் கேட்டார். அவர் தன் சங்கத்தில் ஒரு மெதுவான பெண்ணைச் சொன்னார். அதே கேள்வியைக் கட்டிங் மாஸ்டர் திருப்பிக் கேட்டார். இப்படியே இருந்த மெதுவான கைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் மறுக்க முடியாத ஓர் ஆள் மிஞ்சினாள். சங்கத்தைப் பெற்றவள், மூலையில் உட்கார்ந்து டீக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள்.

"என் கையையா?" என்றாள் காலர் அக்கா. "என்னை வெச்சு அளந்தா லைனு தாங்குமா? ஆமையவே போடுங்க. அவதான் சரி."

"இது நம்பிக்கைப் பிரச்சினைம்மா," என்றார் வக்கீல். "வேகப் பிரச்சினை இல்ல."

கட்டிங் மாஸ்டர் இன்னும் எளிமையாகச் சொன்னார். "மெதுவாத் தைங்க. வேகமாத் தைக்கத்தான் பழகணும். மெதுவாத் தைக்கறதுக்கு என்ன படிப்பா வேணும்?"

அறையில் இருந்த அத்தனை பேரும் அதில் நியாயம் இருப்பதாகவே தலையாட்டினார்கள்.

வீட்டில் ஒரு பழைய மெஷின் இருந்தது. அன்று மாலையே பயிற்சி ஆரம்பமாயிற்று. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, வண்டி ஓட்டப் பழக்குகிறவரைப்போல மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவள் மெதுவாகத் தைப்பாள். தைத்தால் வளைவில் சுருக்கம் விழும். உடனே பிரிப்பாள்.

"பிரிக்காதே. இருந்துட்டுப் போகட்டும்."

"கண்ணு முன்னாடி கோணிக்கிட்டு நிக்குதுங்க."

"நிக்கட்டும். அதுவா உனக்குச் சோறு போடுது?"

"அதுதானே போடுது," என்றாள் அவள்.

மணிக்கட்டில் ஈரத்துண்டைச் சுற்றிப் பார்த்தார்கள். காலில் கனத்த செருப்பைப் போட்டுக்கொண்டு மிதித்துப் பார்த்தாள். முக்காலியின் உயரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம், ஓடிப் பழகிய கையை நடக்க வைப்பது அதைவிடப் பெரும்பாடு. தொழிற்சாலையில் ஆமை தன் பங்குக்கு உபாயம் சொன்னாள்.

"ஒரு காலருக்கும் அடுத்த காலருக்கும் நடுவுல செத்துப்போன சொந்தக்காரங்க யாரையாச்சும் நினைச்சுக்கோங்கக்கா. நான் அப்படித்தான் செய்யறேன்."

"உனக்கு அத்தனை பேரா செத்திருக்காங்க?"

"ஒரே ஒரு மாமியார்தான்கா. திரும்பத் திரும்ப நினைச்சுப்பேன்."

எப்படியோ வழி பிறந்தது. வாயை மூடிக்கொண்டால் கை ஓரளவு அடங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டு, மனசுக்குள் அடுத்தவள் மாமியாரை நினைத்துக்கொண்டு தைத்தால், ஆமையின் வேகமும் வந்தது, சுருக்கமும் விழவில்லை. இரண்டு சங்கமும் அவளுக்கு ஒரே உத்தரவைப் போட்டன. அளக்கிற அன்று ஒரு வார்த்தை பேசக்கூடாது. சங்கம் ஆரம்பித்ததே வாயைத் திறந்துதான். அதை ஆரம்பித்தவளை வாயை மூடச் சொல்வதில் இரண்டு தலைவர்களும் முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

அந்த நாளும் வந்தது. கடிகாரத் தம்பி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். லைன் முழுவதும் தைக்கிற பாவனையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கட்டுத் துணி முடிந்தது; தேர் நகர்வதுபோல நகர்ந்தது. இரண்டாவது கட்டும் அப்படியே. எதிர் வரிசைக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணாலேயே சிரித்துக்கொண்டார்கள். கடைசிக் கட்டைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்திருந்தாள். அப்போது அந்தப் பையன் யாரிடம் என்றில்லாமல் மெல்லச் சொன்னான்.

"எங்கம்மாவும் காலர்தான் தைச்சாங்க. இப்போ கண்ணு தெரியல."

காலர் அக்கா உதட்டைக் கடித்தாள். ஒரு காலர், உதடு கடிபட்டபடியே போயிற்று. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"எந்தக் கண்ணுப்பா?" என்றாள்.

வலது கண் முதலில் போயிற்று, இடதும் மங்குகிறது என்றான். புரையா, நரம்பா என்று அவள் கேட்டாள். அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு என்ன வியாதி என்றுகூடத் தெரியாமல் என்ன பிள்ளை நீ என்று திட்டினாள். அறுவை செய்தால் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை, என் நாத்தனாருக்குச் செய்து இப்போது ஊசியில் நூல் கோக்கிறாள் என்றாள். ஆஸ்பத்திரியில் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், கூட்டம் குறைவான கிழமை எது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பக்கத்தில் ஆமை இருமினாள். இன்னும் பலமாக இருமினாள். கத்தரிக்கோலைக் கீழே போட்டுப் பார்த்தாள். காலர் அக்கா, சொட்டு மருந்தை எப்படி விட வேண்டும் என்பதைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த காலருக்காகக் கையை நீட்டினாள். கை வெறும் பலகையைத் தொட்டது. கட்டு முடிந்துபோயிருந்தது.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் முகமும் நன்றாக இல்லை.

"பார்க்கலன்னு சொல்ல முடியாதுக்கா. மேனேஜர் ரூம் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருக்கார்."

மேனேஜர் கடைசிக் கட்டை மட்டும் கணக்கில் எடுத்தார்; டார்கெட் அதற்குமுன் இருந்ததைவிடக் கால்பங்கு ஏறியது. வெளியிலிருந்து வந்த புயல்காரிகள்கூட அவ்வளவு ஏற்றிவைத்ததில்லை. மேனேஜர், இது உங்கள் கை, உங்கள் ஒப்பந்தம் என்று இரண்டு சங்கத்தையும் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். அன்று ஏன் சிரித்தார் என்று இப்போது எல்லோருக்கும் புரிந்தது.

தோல்வி வந்தால் சங்கங்களுக்குச் சுவர் வேண்டும். கடிகாரம் வேகமாக ஓடியது, இது சதி என்று வக்கீல் தரப்பு வழக்குப் போட்டு, சுவரொட்டியும் போட்டது. கடிகாரம் வேகமாக ஓடினால் தைத்த நேரம் அதிகமாகத் தெரியும், டார்கெட் குறையும் என்று கட்டிங் மாஸ்டர் கூட்டம் போட்டுக் கேலி செய்தார். மறுநாள் அதே சுவரில் கடிகாரம் மெதுவாக ஓடியதாகப் புதிய சுவரொட்டி வந்தது. கட்டிங் மாஸ்டர் தரப்புக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. கை விலைபோய்விட்டது என்று அது எழுதி ஒட்டியது.

காலர் அக்கா நடந்ததைச் சொல்ல இரண்டு இடத்துக்கும் போனாள். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது, என்னை யாரும் வாங்கவும் இல்லை, பேச்சு வாக்கில் கை ஓடிவிட்டது என்றாள். அதை மட்டும் வெளியே சொல்லாதீர்கள், வழக்குக் கெட்டுவிடும் என்றார் வக்கீல். இப்படிச் சொல்லச் சொல்லி யார் கற்றுக்கொடுத்தது என்றார் கட்டிங் மாஸ்டர். இருவேறு பொய்களுக்கு நடுவே ஓர் உண்மையை வைக்க இடமில்லாமல் அவள் திரும்பி வந்தாள்.

அன்று வீட்டுக்காரர் தாமதமாக வந்தார். முழங்கைவரை பசை.

"நீங்களா ஒட்டினீங்க?"

"எங்க பிரிவோட முறை," என்றார் அவர். "வரலன்னா என்னையும் சேர்த்து எழுதுவாங்க."

அவள் சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் கழுவுகிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

"என் பேரைப் பெரிசாப் போட்டிருக்காங்களா?"

"பேரெல்லாம் இல்ல. காலர்னுதான் போட்டிருக்கு."

லைனில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புது டார்கெட்டில் பேசுவதற்கே ஒருவருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் ஆமையின் முன்னால் துணி குவியும். சூப்பர்வைசர் அவள் தலைக்குமேல் நின்று கத்துவார். காலர் அக்கா தன் கட்டை முடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ஆமையின் குவியலிலிருந்து ஒரு பிடியை இழுத்துத் தைத்து நடுவில் செருகிவிடுவாள். செய்த பாவத்தைக் கையாலேயே கழுவுகிறோம் என்று அவளுக்கு ஒரு நிம்மதி. லைன் டார்கெட்டைத் தொட்டது. தினமும் தொட்டது. எட்டக்கூடிய அளவுதான் என்று நிரூபணமாகிவிட்டதால், அடுத்த டிசைனுக்கு அளக்காமலேயே இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள்.

கையெடுத்தால் ஆமைக்கு ஏச்சு. கை கொடுத்தால் லைனுக்கே ஏற்றம். இது தெரிந்த பிறகும், குவியலைக் கண்டால் கை தானாகப் போயிற்று. ஒரு நாள் அப்படிப் போன கையை ஆமை பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்க்கா," என்றாள், மெஷினைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நீங்க தொட்டா நாளைக்கு இன்னும் ஏறும்."

"உன்னைத் தூக்கிடுவாங்கடி."

"தூக்கட்டும். என்னைத் தூக்கறதுக்கும் நேரம் பிடிக்கும், நான் ஆமை."

காலர் அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் முடித்த கட்டு, பக்கத்தில் முடியாத மலை. சூப்பர்வைசர் வந்தார், கத்தினார். அவள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரக் கடைசியில் ஆமையை நூல் வெட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுதும் நின்றுகொண்டு, தைத்த சட்டையில் தொங்கும் நுனிகளைக் கத்தரிக்க வேண்டும், முக்காலி கிடையாது. அவள் மெஷினில் புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். வேகக்காரி. பேசமாட்டாள்.

ஆண்டு விழா வந்தது. வழக்குக்கு நல்லது என்று வக்கீல் இம்முறை கட்டிங் மாஸ்டர் தரப்பையும் சேர்த்து எல்லோரையும் அழைத்திருந்தார். ஆலை வாசலில் பிறந்த சங்கத்தின் கதையைச் சொன்னார். நம் கையை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை, இது எந்தத் தொழிற்சாலையிலும் இல்லாத வெற்றி என்றார். பிறகு சங்கத்தைத் தொடங்கிய தாயை மேடைக்கு அழைத்து ஒலிபெருக்கியை நீட்டினார். காலர் அக்கா என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து வந்திருந்தாள். கூட்டத்தின் கடைசியில் ஆமை, வலிக்கிற காலை மாற்றிப்போட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது.

"என் கையை வெச்சது தப்பு," என்றாள் காலர் அக்கா. "அன்னிக்கு நான்தான் வேகமாத் தைச்சேன். இனிமே ஆமை கையை வெச்சு அளங்க."

 வக்கீல் ஒலிபெருக்கியை மெல்லத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார்.

"பாருங்கள் தோழர்களே, எவ்வளவு அடக்கம்!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கட்டிங் மாஸ்டரும் தட்டினார்.

அவள் இறங்கி, பின்னால் போய், ஆமைக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றாள். வீட்டுக்காரர் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டார். அதில் ஆமையை உட்கார வைத்தார்கள்.

"அடுத்த டிசைன் வருதாம்கா," என்றாள் ஆமை. "இந்தத் தடவை அளக்கப் போறாங்களாம்."

"யார் கையாம்?"

ஆமை வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மேடையைப் பார்த்தார். இரண்டு சங்கமும் மறுக்க முடியாத ஆள் இப்போதும் அந்த ஒருத்திதான்.

 ஆமை, காலர் அக்காவின் கையிலிருந்த விழா அழைப்பிதழை வாங்கினாள். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அது மடிந்து, ஓரம் திரும்பி, சின்னக் காலராகியிருந்தது. ஆமை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.